கோரா டென்டனுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர்

ஜூலை மாதத்து மத்தியானம். துபாய் அல் கூஸ் கிடங்கில், இரண்டாம் நம்பர் ரேக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஆபீஸிலிருந்து மார்க்கெட்டிங் மேனேஜர் ஃபாரிஸ் இறங்கி வந்தார். லெபனான்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கிடங்குக்குள் அவர் கால் வைப்பது அபூர்வம். தலையில் தடவிய ஜெல் உருகிவிடும் என்ற பயம்தான் காரணம் என்று எங்கள் வேன் சேல்ஸ்மேன் அடித்துச் சொல்வார்.

ஃபாரிஸ் கையில் நான்கு தாள். அதிலுள்ள விற்காத சிடிகளையெல்லாம் தனியாகப் பிரித்துக் கட்டி வைக்கச் சொன்னார். மாதக் கடைசியில் நசுக்குகிற வண்டி வரும் என்றார். "ஸோல் மியூசிக். எல்லாம் கலாஸ்," என்று இரண்டு கையையும் தட்டிக் காட்டிவிட்டுப் படியேறிவிட்டார்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தாளைப் பார்த்தேன். முதல் தாளிலேயே, மேலிருந்து மூன்றாவது வரியில், கோரா டென்டன். மூன்று பெட்டி.

அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சொந்தச் சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊரிலிருந்து போன் வந்த நாளில்கூட முழுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு எழுந்தவன் நான்.

ஏசி யாருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் நான் டிரைவிங் டெஸ்டில் ஐந்து முறை தோற்ற கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி, "ஆறு தடவை. குறைச்சு எழுதாதீங்க," என்றாள். ஆறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கிடைக்காததால்தான் நான் டிரைவராகாமல் கிடங்குப் பொறுப்பாளரானேன். அந்த ஆறு தோல்விக்கும் இந்தக் கதைக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

எங்கள் கம்பெனி, வெளிநாட்டு இசைக் கம்பெனிகளின் சிடிகளைக் கப்பலில் வரவழைத்து வளைகுடாக் கடைகளுக்கு அனுப்பும். ரூவிக்கு, தோஹாவுக்கு, மனாமாவுக்கு என்று தினமும் பெட்டி கட்டுவேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன எனக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றும் தெரியாது. பெட்டி எண் தெரியும், அது போதும் என்று இருந்தேன்.

கிடங்கில் நல்ல ஏசி உண்டு. சூடு பட்டால் சிடியின் பிளாஸ்டிக் உறை வளைந்துவிடும் என்பதால் போட்டது. எங்களுக்காகப் போட்டதில்லை என்பதை மாதம் ஒருமுறை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். எப்படியானாலும் குளிர் ஒன்றுதானே என்று நாங்களும் அதை அனுபவித்தோம்.

எங்கள் வேன் சேல்ஸ்மேன் பெயர் மொய்தீன். காயல்பட்டினம். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி உயர மனிதரை எப்படிக் காக்கா என்று கூப்பிடுவது என்று தயங்கி, முதல் வாரம் முழுக்க பாய் என்றேன். "துபாய்ல எல்லாரும்தான் பாய். நீ காக்கான்னே கூப்பிடு தம்பி, காதுக்கு நல்லா இருக்கு," என்றார். அன்றிலிருந்து அவர் காக்கா.

ஆணி

கோரா டென்டன் எனக்கு அறிமுகமானது ஒரு விபத்தில். சிடிப் பெட்டிகளை அடுக்கி ஆணியடித்து, துறைமுகத்திலிருந்து வந்த மரப் பலகைக் கட்டு ஒன்று லாரியிலிருந்து சரிந்து விழுந்தது. இரண்டு பெட்டியில் உறைகள் நொறுங்கிவிட்டன. உடைந்த உறையை மாற்ற வேண்டும், உள்ளே சிடி பாடுகிறதா என்று பார்க்கவும் வேண்டும். அதற்காக ஒரு சின்ன பிளேயரை வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி கேட்டால் போதும் என்பது உத்தரவு.

கோராவின் சிடியைப் போட்டேன். முதலில் பாட்டு வரவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் ஒரு பெண், பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாக ஆரம்பித்தாள். போகப்போகக் குரல் ஏறி, ஓரிடத்தில் லேசாக உடைந்தது. உடைந்ததை அவள் மறைக்கவில்லை, உடைந்த குரலிலேயே மேலே போனாள். பத்து விநாடி என்பது மறந்து மூன்று பாட்டு முடிந்திருந்தது.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "ஆணி, ஆணி" என்று அவள் உருகுவது மட்டும் காதில் விழுந்தது. பலகைக் கட்டைப் பிரித்து, முழங்கை முழுக்க ஆணி கீறி உட்கார்ந்திருந்தவன் நான். யாரோ என் கஷ்டத்தைப் பாட்டாகவே எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது. காக்காவிடம் சொன்னேன். அவரும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தச்சன் வீட்டுப் பெண் போலிருக்கிறது என்றார். அது ஆணி இல்லை, 'ஹனி', அதாவது கண்ணே, செல்லமே மாதிரி என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அதைச் சொன்னவர் வசந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், மேலே ஆபீஸில் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர், எங்களில் ஒழுங்காக இங்கிலீஷ் படித்த ஒரே ஆள். சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதற்கப்புறம் நாங்கள் கிடங்கில் கோராவைப் போடும்போதெல்லாம், மேலிருந்து இன்டர்காமில் "என்ன, ஆணி அடிக்கிறியளோ?" என்று கேட்பார்.

அட்டையில் இருந்த பெண்

பட்டியல் வந்த அன்று சாயங்காலம் நான் வசந்தி அக்காவிடம் போய், சிடிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொன்னேன். நசுக்கப்போகிறவரின் கதையையாவது தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

அக்கா படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "இஞ்ச பாரும் மணி. அட்டையில இருக்கிறது இவவின்ர படமே இல்லை."

கதை இதுதான். முப்பது வருஷம் முன்பு அமெரிக்காவில் கோரா டென்டன் ஒரே ஒரு இசைத்தட்டு பாடினார். கோரா பருத்த உடம்பு, பார்வைக்குக் கவர்ச்சி போதாது என்று நினைத்த கம்பெனி, ஒல்லியான ஒரு மாடல் பெண்ணின் படத்தை அட்டையில் போட்டது. அதே வாரம் அந்தக் கம்பெனியின் இன்னொரு இளம் பாடகரின் தட்டும் வெளிவந்தது. போஸ்டர், ரேடியோ, ஊர் ஊராகக் கச்சேரி எல்லாம் அவருக்குப் போயின. கோராவின் தட்டைக் கடைக்காரர்களே மறந்தார்கள். இரண்டாவது தட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர் பழையபடி பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கே திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் ஊர்ச் சர்ச்சில் பாடுகிறார். லண்டன் கம்பெனி ஒன்று அதைச் சிடியாக மறுபடி வெளியிட்டபோதும் அதே ஒல்லிப் பெண்தான் அட்டையில். கோராவின் நிஜப் படம் உள்ளே பதினொன்றாம் பக்கத்தில், தபால் தலையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. மைக் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார்.

எங்கள் கிடங்கிலும் அதே கதைதான். இளம் பாடகிகளுக்கு ஆளுயர அட்டைப் பொம்மைகள் வரும், குழாய் குழாயாகப் போஸ்டர் வரும். கோரா வந்து இரண்டு வருஷம். ஒரு ஸ்டிக்கர்கூட வந்ததில்லை. ஒரு கடையின் ஆர்டர் தாளிலும் அவர் பெயரை யாரும் அச்சடித்ததில்லை.

"கடைக்கே போவாத சரக்கு எப்படித் தம்பி விக்கும்?" என்றார் காக்கா.

இதையே நான் என் இங்கிலீஷில் ஃபாரிஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி வரும்வரை முடிந்ததை விற்றுக்கொள், கம்பெனி ஒன்றும் செலவு செய்யாது என்றார். போஸ்டர் என்று ஆரம்பித்தேன். "போஸ்டர் மாஃபி," என்றார். மாஃபி என்றால் அரபியில் கிடையாது.

செல்வத்தின் கைவரிசை

அல் கூஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில் மேல் கட்டிலில் படுப்பவன் செல்வம். அருப்புக்கோட்டைக்காரன். இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளெக்ஸ் அச்சகத்தில் டிசைனர். ஊரில் அவன் தொழில் கட்சி பேனர், காதுகுத்து பேனர், பூப்புனித நீராட்டு பேனர். இங்கே ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் நீல வானத்தையும் கண்ணாடிக் கட்டடத்தையும் ஒட்டி ஒட்டி வெறுத்துப்போயிருந்தான்.

வெட்டி மிஞ்சும் ஃபிளெக்ஸில் ஒரு பேனர் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான், கேட்டும் வந்தான். ஸோல் என்றால் செருப்புக்கு அடியில் இருப்பதா என்று விசாரித்தான். இல்லை, ஆத்மா என்றார் வசந்தி அக்கா. காக்கா, "எங்க பாஷையில ரூஹு," என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். கிடங்குத் தரையில் விரித்தோம்.

எட்டடிக்கு ஐந்தடி. நடுவில் கோரா டென்டன், ஏப்ரனோடு, கண்ணை மூடி. தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள் சுழன்றன. இரண்டு பக்கமும் புறா. மேலே தங்க எழுத்தில் தமிழில், 'ஆத்ம கானத்தின் பேரரசியே! கடல் கடந்து வந்த கற்பூரக் குரலே! வருக! வருக!' அதற்குக் கீழே இங்கிலீஷில் பெயர், அரபியில் ரூஹ் என்ற ஒரே சொல். அதோடு முடித்திருக்கலாம். கைப்பழக்கம் விடவில்லை. கீழ் வரிசையில், 'இவண்: அல் கூஸ் நண்பர்கள்' என்று போட்டு, வட்டத்துக்குள் மூன்று முகங்கள். காக்கா, நான், செல்வம். மூவரும் காதில் செல்போன் வைத்திருந்தோம்.

"என் போட்டோ ஏன்டா?" என்றேன்.

"ஆளில்லாம பேனர் வச்சா மதிக்க மாட்டாய்ங்கண்ணே," என்றான்.

கராமாவில் ஒரு வெள்ளிக்கிழமை

காக்காவுக்குப் பழக்கமான சூப்பர் மார்க்கெட் ஒன்று கராமா பகுதியில் இருந்தது. அதன் மேனேஜரான மலையாளி பேனரைப் பார்த்துவிட்டு, எலெக்‌ஷனா என்று கேட்டார். காக்கா என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அரிசி மூட்டை அடுக்குக்கு மேலே கட்ட இடம் கொடுத்தார். கீழே மேஜை போட்டு, ஒரு பெட்டி சிடியையும் பிளேயரையும் வைத்தோம்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் சிரித்தார்கள். நின்று படமெடுத்தார்கள். கீழே இருக்கும் மூன்று பேரும் பாடுபவர்களா என்று ஒரு பிலிப்பினோ பெண் கேட்டாள். காக்கா ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சிரிக்க நின்றவர்கள் பாட்டு முடியும்வரை நின்றார்கள். ஒரு அரபிப் பெரியவர் அந்த ஒற்றைச் சொல்லைப் படித்துவிட்டு இரண்டு பாட்டை முழுசாகக் கேட்டார். காருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வாங்கிப்போனார்.

மாலையில் ஒரு பெண்மணி வந்தார். கறுப்பின அமெரிக்கர், ஐம்பதை ஒட்டிய வயது, இங்கே ஒரு பள்ளியில் டீச்சர். காய்கறிக் கூடையோடு நின்று பேனரைப் பார்த்தவர், அது யார் என்று கேட்டார். காக்கா பெயரைச் சொன்னார். இல்லை என்று தலையாட்டினார் அவர். கோரா டென்டனைத் தனக்குத் தெரியும், அம்மாவிடம் அந்தத் தட்டு இருக்கிறது, அட்டையில் இருப்பது ஒல்லியான பெண் என்றார். காக்கா சிடியைப் பிரித்து, பதினொன்றாம் பக்கத்தைக் காட்டினார்.

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். சிறு வயதில் அந்த ஒல்லிப் பெண் மாதிரி ஆக வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதிருக்கிறாராம். அவ்வளவுதான் சொன்னார். எட்டு சிடி எடுத்துக்கொண்டார். பேனரை மூன்று கோணத்தில் படமெடுத்தார். புத்தகத்தில் போட்டிருந்த சர்ச்சின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

கடை மூடும்போது பெட்டி காலி. காக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். இரண்டு நாள் வலித்தது.

மூவரில் நீ எது

செவ்வாய்க்கிழமை பேனர் இறங்கியது. முனிசிபாலிட்டி ஆள் வந்து அனுமதிக் கடிதம் கேட்டாராம். எங்களிடம் அனுமதி என்ற எண்ணமே இருந்ததில்லை. கடைக்காரர் ஃபாரிஸுக்குப் போன் செய்துவிட்டார்.

ஃபாரிஸ் என்னை மேலே கூப்பிட்டார். மேஜையில் பேனரின் படம். அதற்குப் பக்கத்தில் என் விசா புதுப்பிக்கும் காகிதம், கையெழுத்தில்லாமல். "இந்த மூன்று பேரில் நீ எது?" என்று இங்கிலீஷில் கேட்டார். கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. நடுவில் இருப்பது என்றேன். சிடி வெளியிடும் லண்டன் லேபிள்காரர்கள் பார்த்தால் ஏஜென்சியே போய்விடும் என்றார். யாரைக் கேட்டுக் கம்பெனிச் சரக்குக்கு இப்படி விளம்பரம் செய்தாய் என்றார். எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். அதை அடித்தவர் வசந்தி அக்கா. என்னைப் பார்க்காமல் அடித்தார்.

விசா காகிதம் மேஜையிலேயே கிடந்தது. மூன்று நாள் நான் பெட்டி எண்களைத் தப்புத் தப்பாக எழுதினேன். தோஹா சரக்கு ரூவிக்குப் போனது. வீட்டுக்குப் போன் செய்தபோது இதைச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

போன்

அடுத்த ஞாயிறு சாயங்காலம் இன்டர்காமில் வசந்தி அக்கா. "மணி, ஓடி வாரும். அவ லைன்ல நிக்கிறா."

எவ என்று கேட்டுக்கொண்டே படியேறினேன். டீச்சர் அனுப்பிய படம் சர்ச்சுக்குப் போய், சர்ச்சிலிருந்து கோரா டென்டனின் மகளுக்குப் போயிருக்கிறது. சிடி உறையின் பின்பக்கம் எங்கள் கம்பெனி நம்பர் ஒட்டியிருக்கும். டீச்சர் அதையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். மகள் அதைப் பார்த்துப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஃபாரிஸ் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

குரல் கரகரவென்று, வயதாகி இருந்தது. ஆனால் பேசுமுன் தொண்டையைச் செருமினார். சிடியில் பாட்டு தொடங்குமுன் வருகிற அதே செருமல்.

தன் தலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வசந்தி அக்கா பேரரசி, கற்பூரம், வருக வருக எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். கற்பூரத்தில் கொஞ்சம் திணறினார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, கீழே காதில் போனோடு நிற்கும் மூன்று பேர் யார் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரிடம் குனிந்து, "வேர்ஹவுஸ், மேடம்," என்றேன்.

அப்புறம் அவர் மெதுவாகப் பேசினார், அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். "அவ சொல்லுறா, என்ர தட்டு வந்த அண்டைக்கு அம்மா கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து, அட்டையைக் காட்டி, இது ஆரின்ர பிள்ளையடி எண்டு கேட்டவவாம். கொம்பனிக்காரர் ஒருத்தரும் தன்ர படத்துக்குப் பக்கத்தில நிக்க வரேல்லையாம். நீங்கள் மூண்டு பேரும் நிக்கிறியளாம்." அதற்குமேல் அக்காவால் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை ஃபாரிஸ்தான் எனக்கு இங்கிலீஷிலேயே நிதானமாகத் திருப்பிச் சொன்னார். இதனால் உங்கள் வேலைக்குப் பிரச்சினை வந்தால் பேனரைக் கழற்றிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை என்றாராம்.

"ஓகே மேடம், தேங்க்யூ மேடம்," என்றேன். இன்றைக்கும் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய நல்ல வாக்கியங்கள் குளிக்கும்போது தோன்றுவதுண்டு.

ஃபாரிஸ் ஒரு சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். மறுநாள் விசா காகிதத்தில் கையெழுத்து இருந்தது. எச்சரிக்கைக் கடிதத்தையும் கொடுத்தார், அது வேறு, இது வேறு என்றார். கோராவின் பெட்டிகளைப் பட்டியலிலிருந்து அடித்தார். அட்டைப் படத்தைப் பற்றி லண்டனுக்கு மெயில் எழுதினார். பல மாதம் கழித்து வந்த சரக்கில் ஏப்ரன் போட்ட கோராவே அட்டையில் இருந்தார். ஒரு கட்டுப் போஸ்டரும் வந்தது. செல்வம் அதைப் பார்த்துவிட்டு, கதிரும் இல்லை, புறாவும் இல்லை, இதெல்லாம் ஒரு டிசைனா என்றான்.

சொல்லாமல் விட்ட ஆள்

இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் ஹோமர் டில்லன் என்று ஒருவர். அவரைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கீச்சென்று உயரத்தில் பாடுவார். அது ஆணா பெண்ணா என்று நானும் காக்காவும் ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறோம். கோராவைக் கேட்டு முடித்தால் அடுத்து அவரைத்தான் போடுவோம். அவர் சிடியின் அட்டையில் ஒரு சூரிய அஸ்தமனம் மட்டும்தான். உள்ளே புத்தகமும் கிடையாது. கோராவுக்குப் பேனர் அடித்த அதே வாரம், இவருக்கும் ஒன்று அடிப்போம் என்று செல்வத்திடம் சொன்னேன். போட்டோ கொடுங்கண்ணே என்றான். வசந்தி அக்காவை விட்டு லண்டனுக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறேன் என்றேன்.

அப்புறம் எச்சரிக்கை, விசா, போன். அந்தச் சந்தோஷத்தில் காக்கா எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். அக்காவிடம் கேட்க மறந்தே போனேன். கம்பெனிக்காரர்கள் ஒரு பாடகியை எப்படி மறந்தார்கள் என்று அந்த வாரம் முழுக்க ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

மாதக் கடைசி நாள் காலையில் வண்டி வந்தது. மிச்சமிருந்த பெட்டிகளை நானும் காக்காவும் தூக்கிப் போட்டோம். பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. டிரைவர் லண்டனுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு, அந்த நான்கு தாளையும் என்னிடம் நீட்டினார். நசுக்கியாயிற்று என்று ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் தாளில், ஹோமர் டில்லன் என்ற பெயருக்கு நேரே இருப்பது என் கையெழுத்து.